களைத்த இரத்தமும் பம்ப் அண்ணனும்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, அறுவை அரங்கத் தோழர்களே, அண்ணனின் உறவினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே! கத்தி பிடித்த அளவுக்கு மைக் பிடித்துப் பழகாத ஓர் இதய மருத்துவரின் வணக்கம்.

முன் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அண்ணனின் மனைவிக்குப் போட்டது. எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். "புருஷன் போய் ஒரு வாரம்கூட ஆகல, அஞ்சலிக் கூட்டத்துக்கு வர முடியலையாமா?" என்று என் காதுபடவே பேசினார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் நான் எழுந்தேன்.

பம்ப் அண்ணன் என்றால் இங்கே யாருக்குத்தான் தெரியாது! நாங்கள் 'பம்ப்' என்று அழைக்கும் இதய நுரையீரல் இயந்திரத்தின் தலைமை வல்லுநர். நான் இதயத்தை நிறுத்தி வைத்துத் தைக்கும் நேரமெல்லாம், நோயாளியின் உயிரைத் தன் இயந்திரத்தில் ஓடவிட்டுக் காத்தவர்.

ஒருமுறை ஒரு தந்தை அவரிடம் கெஞ்சினார்: "கெட்ட ரத்தத்தையெல்லாம் வெளிய எடுத்துடுங்க சார்!" அண்ணன் சிரித்தாரா? இல்லை, கோபப்பட்டார்! "கெட்ட ரத்தம்னு யாருங்க சொன்னது? உடம்பு பூரா சுத்தி உழைச்சுக் களைச்சுப்போய் வருது. இதயத்தோட வலது பக்கம் அதை நுரையீரலுக்கு அனுப்பும். அங்க மூச்சு வாங்கிக்கிட்டு, இடது பக்கமா வந்து, மறுபடி வேலைக்குக் கிளம்பிடும். வேலை முடிஞ்சு வர்ற உங்களை வீட்ல கெட்டவர்னு சொன்னா சும்மா இருப்பீங்களா?" அந்தத் தந்தை பயம் விட்டுச் சிரித்தார்.

அண்ணனும் அண்ணியும் அந்த ஒரே இயந்திரத்தை மாறி மாறி இயக்கியவர்கள். அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நாளைக்கு யாருக்கு வேலையோ, அவர் இன்று நல்லதுக்கும் போகக் கூடாது, கெட்டதுக்கும் போகக் கூடாது. சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். அதனால் எந்தக் கல்யாணத்துக்கும் ஒருவர்தான் வருவார். சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று முடிவு கட்டி, சமாதானம் பேச ஒரு மாமாவை அனுப்பிவிட்டார்கள்! வந்தவரிடம் அண்ணன் சொன்னாராம்: "மெதுவாப் பேசுங்க மாமா, அவ தூங்குறா."

நாளைக் காலை ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை. இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் பாதையும் குறுகல். களைத்த இரத்தம் மூச்சு வாங்காமலே குறுக்கு வழியில் உடம்புக்குத் திரும்புகிறது. உதடெல்லாம் நீலம். தள்ளிப்போட வழியில்லை. அந்தத் தாய் சற்றுமுன் வாசலில் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அவர் இல்லாம நடக்குமா டாக்டரம்மா?"

நடக்கும் அம்மா, நடக்கும்! வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கிறேன் என்றுதான் அண்ணியிடம் சொன்னேன். "அவங்க வர்ற வரைக்கும் குழந்தை தாங்குமா?" என்று கேட்டார். இன்று மதியம் வீங்கிய கண்ணோடு வந்து நின்றார். "அழுதது போதும் டாக்டரம்மா. நாளைக்குக் கை நடுங்கக் கூடாது. நான் போய்ப் படுக்கறேன். கூட்டத்துக்கு வரலேன்னு அவர் கோவிச்சுக்க மாட்டார்."

உறவினர்களே, இப்போது சொல்லுங்கள்! இதைவிடப் பெரிய அஞ்சலியை நம்மில் யார் செலுத்திவிட்டோம்?

அண்ணனே, உங்கள் பணியை நாங்கள் தொடர்வோம். நாளைக் காலையிலேயே தொடர்வோம்! கூட்டம் முடிந்ததும் அண்ணிக்கு ஆறுதல் சொல்லக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று போகாதீர்கள். கதவைத் தட்டாதீர்கள். அவர் தூங்கட்டும்.