முட்டிக்கு எத்தனை வருசம்

— சர்வேயில மொதக் கேள்வி, வஹீது அண்ணே. நடக்குறதுல சிரமம் இருக்கா?

— ஒரு சிரமமும் இல்ல தம்பி. கோரிப்பாளையம் சிக்னலை ஒரே மூச்சுல தாண்டுவேன்.

— ஆமா, ஆட்டோவுல உக்காந்துக்கிட்டு.

— சைனப்பு, நீ அடுப்படியைப் பாரு. ஜெர்சன் தம்பி கேக்குறது உன் புருசன்கிட்ட.

— குளிக்க, சட்டை மாட்ட சிரமம் உண்டாண்ணே?

— எல்லாம் ஜோர்.

— தம்பி, மாடிப்படியில பச்சப்புள்ள மாதிரி உக்காந்து உக்காந்து இறங்குறாரு. பள்ளிவாசல்ல நாற்காலி போட்டுத்தான் தொழுறாரு. முட்டி தேஞ்சுபோச்சு, ஆபரேசன் பண்ணுனா நடக்கலாம்னு டாக்டர் தேதியே குடுத்தாரு. மனுசன் போனாத்தானே!

— நான் போயி படுத்துட்டா கைலிக் கடையை யாரு பாக்குறது? நீங்க எழுதுங்க தம்பி. என் உடம்புக்கு நூத்துக்கு நூறு.

— இருங்கண்ணே, மார்க்கு நான் இன்னும் கேக்கவே இல்ல.

— அது சரி, இதெல்லாம் எதுக்குத் தம்பி கேக்குறாக?

— எந்த வைத்தியம் ஜனங்களுக்கு எம்புட்டு சுகம் தருதுன்னு தெரிஞ்சாத்தான், அரசாங்கம் எதுக்குச் செலவழிக்கிறதுன்னு முடிவு பண்ண முடியும்க்கா. கேள்வியெல்லாம் வெளிநாட்டுல செஞ்சது. நம்மூருக்கு ஒத்துவருதான்னு பாக்குறோம்.

— இந்தாங்க, டீ குடிங்க. சட்டையெல்லாம் இப்படிக் கசங்கிக் கெடக்கே, கல்யாணம் ஆகலையா?

— ஆச்சுக்கா. ஷெரின்னு பேரு.

— அவுகளும் வேலைக்குப் போறாகளாக்கும். சரி, நீங்க கேளுங்க.

— கடைசிக் கேள்விண்ணே. இதே முட்டியோட பத்து வருசம். இல்லாட்டி, நோவே இல்லாத உடம்போட எட்டு வருசம், அத்தோட முடிஞ்சது. எது வேணும்?

— ஆயுசு அல்லாஹ் குடுக்குறது தம்பி. அதைக் கூட்டிக் குறைக்க நீங்க யாரு?

— கற்பனைதான்க்கா.

— சும்மா இரு புள்ள, இங்க ஏவாரம் நடக்குது. எட்டா? எடுத்துக்கிட்டேன்.

— ஆறுன்னா?

— கட்டும்.

— அஞ்சு?

— கட்டும் தம்பி, இன்னும் இறங்குங்க.

— நாலுண்ணே.

— படியில நின்ன வாக்குல இறங்கலாமா? தரையில நெத்தி வச்சுத் தொழலாமா?

— எல்லாம் பண்ணலாம்.

— அப்ப மூணே போதும்.

— மூணா? இப்பத்தானேண்ணே நூத்துக்கு நூறுன்னீங்க!

— அது அடுப்படிக்குச் சொன்னது.

— மச்சான், இம்புட்டு வலியை வச்சுக்கிட்டா சிரிச்சுக்கிட்டுத் திரியிறீக?

— அட, வெளையாட்டுக்குச் சொன்னேன் புள்ள.

— மிச்ச ஏழு வருசம் நான் யாருகூட இருக்க? தம்பி, அதை எழுத உங்க சர்வேயில எடம் இருக்கா?

— இல்லக்கா. அது அவரு உடம்பை மட்டும்தான் கேக்குது.

— ஏய் சைனப்பு, கண்ணைத் தொடை, தம்பி பாக்குறாரு. சரி, ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு. வேற தேதி கேளு. வாரேன்.

— நெசமாவா?

— நெசமாத்தான். தம்பி, நீங்க அந்த மூணை அழிச்சிருங்க.

— அழிக்கக் கூடாதுண்ணே. சொன்னது சொன்னதுதான்.

— அப்ப ஆபரேசன் முடிஞ்சதும் திரும்ப வந்து கேளுங்க. பத்துல ஒண்ணைக்கூட விட மாட்டேன்.

— கண்டிப்பா வாரேண்ணே.

— ஏன் தம்பி, இதை உங்க ஷெரின்கிட்ட கேட்டுப் பாத்தீகளா?

— வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பழகிக்கிறதுக்காகக் கேட்டேன்க்கா. கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல. சுகமோ நோவோ, எனக்குப் பத்தும் வேணும்னுட்டா.

— கெட்டிக்காரி! கேட்ட பத்தும் கிடைக்கட்டும்.

— அவளுக்கு ரெண்டு வருசம்தான்க்கா கிடைச்சுச்சு.