விலையைக் குறைத்த குற்றம்

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் என் பக்கத்தில் நின்ற இருவருமே மிக்ஸி கடைக்காரர்கள். ஒருவர் கத்தினார்.

"என் லாபத்துல விட்டுக்குடுத்து கம்மி வெலைக்கு வித்தேன். அது குத்தமாம்! கம்பெனிக்காரன் சரக்கையே நிறுத்திட்டான் மச்சான்!"

"அப்டி நிறுத்தறதே சட்டப்படி தப்பு. கேஸ் போடு," என்றார் மற்றவர்.

"வக்கீலும் அதான் சொன்னாரு. இன்னொரு கடைக்காரன் சாட்சி வேணுமாம். வெலைய கொறைக்காதேன்னு உன்னையும்தானே மெரட்னான்? வந்து சொல்லு."

மற்றவர் கடந்துபோகும் குரோம்பேட்டையை எட்டிப் பார்த்தார்.

"தீபாவளி வருது மச்சான். எனக்கு சரக்கு வேணும்ல?"

"அவனுக்கு இம்மாம் திமிர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. நீதான்டா குடுத்துகினு கீற!"