வயித்துக் கொப்பி

ராமநாதன்: …ஒன்னே ஒன்னு, லெச்சுமி. பாதி வடையாச்சும்.

ஜெயலெட்சுமி: பருப்பு வடைங்க. அதுல வெங்காயம் வேற. உங்க வயித்துக்கு ஆகாத ரெண்டையும் ஒன்னாப் பெசஞ்சு பொரிச்சு வச்சிருக்காரு ஸலீம் நானா.

ராமநாதன்: வாசம் புடிக்கலாமா? இல்ல, அதுக்கும் பத்தியஞ் சொல்ற ரிஸ்கா மிஸ்கிட்ட கேக்கணுமா?

ஜெயலெட்சுமி: வாசத்தப் பத்தி அந்தப் புள்ள ஒன்னுஞ் சொல்லல. இந்தாங்க, சோத்துப் பொட்டி. கேரட்டும் முட்டையும் வச்சிருக்கேன்.

ராமநாதன்: காத்து கழுத்த அறுக்குது. பெரகல சந்தியில, கட வாசல்ல உக்காந்து ஆறிப்போன சோறு… நான் பஸ் ஓட்டின காலத்துல இங்க வந்து எறங்குனா, ஸலீம் நானா கேக்காமயே ரெண்டு ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டாந்து வைப்பாரு.

ஜெயலெட்சுமி: அந்த ரொட்டிதான் உங்களக் காட்டுக்குள்ள ஓட வச்சிச்சு.

ராமநாதன்: குத்திக் காட்டு.

ஜெயலெட்சுமி: குத்திக் காட்டல. கோதுமமா உங்களுக்கு ஒத்துக்கலன்னு சொல்றேன். மணி ஒன்னாச்சு. நேரந் தவறாம, கொஞ்சங் கொஞ்சமாச் சாப்புடுங்கன்னுதானே ஆஸ்பத்திரியில சொல்லி வுட்டாங்க. தோட்டத்து பஸ் வர இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. சாப்புடுங்க.

ராமநாதன்: நீ?

ஜெயலெட்சுமி: எனக்குப் பசிக்கல.

ராமநாதன்: காலையிலயும் பசிக்கலன்ன. எளச்சுப் போயிட்ட நீ. ரவிக்க தொங்குது.

ஜெயலெட்சுமி: உங்களுக்கு ஒரு பான, எனக்கும் மகளுக்கும் ஒரு பானன்னு ஆக்கி வச்சிட்டு, விடிய கொழுந்து பறிக்க மல ஏறுனா எளைக்காம? சாப்புடுங்கன்னா…

ராமநாதன்: சாப்புடுறேன். நீ ஒன்னு சொல்லு. மிஸ் என்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டு, உன்னைய மட்டும் நிப்பாட்டி வச்சுக்கிச்சே. உள்ள என்னா பேசுனீங்க?

ஜெயலெட்சுமி: என்னா பேசுவோம். சமையலுதான்.

ராமநாதன்: அர மணி நேரமா?

ஜெயலெட்சுமி: லீக்ஸுல வெள்ளத் தண்ட ஒதுக்கிட்டு பச்ச எலய மட்டும் போடுங்க, வெங்காய ருசி அதுலயே வந்திரும்னுச்சு. பருப்பு, பால்மா எல்லாத்தையும் இப்புடியே குடுக்காம நிப்பாட்டி வைக்கிறது ரொம்ப நாளைக்கு நல்லதில்லையாம். ஒன்னொன்னாத் திரும்பக் குடுத்துப் பாக்கணுமாம். ஒரேயடியாக் குடுத்தா எது வலிக்குதுன்னு கண்டுபுடிக்க ஏலாதாம். ஆனா நீங்க எழுதுற கொப்பியில தெனம் வலி வலின்னு இருக்கே, எப்புடிக் குடுக்குறதுன்னு அதுக்கே யோசனையாப் போச்சு.

ராமநாதன்: …கொப்பியப் பாத்துச்சா?

ஜெயலெட்சுமி: ஒவ்வொரு பக்கமாப் பாத்துச்சு. இவ்வளவு ஒழுங்காச் சாப்புட்டும் ஏன் கொறையலன்னு வெளங்கலன்னுச்சு.

ராமநாதன்: அதுக்கு எதுக்கு டாக்டர் உள்ள வந்தாரு?

ஜெயலெட்சுமி: யாரு?

ராமநாதன்: நான் வாங்குல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அந்த உசரமான டாக்டர் உள்ள போனாரு. கதவச் சாத்துனாங்க. நீ வெளிய வரயில மூஞ்சி கழுவியிருந்த.

ஜெயலெட்சுமி: வேர்த்திருச்சு. கழுவுனேன்.

ராமநாதன்: இந்த மழையிலயா?

ஜெயலெட்சுமி: …சோறு சிந்துது. பாத்து.

ராமநாதன்: லெச்சுமி, எங்கப்பாவுக்கும் ஒன்னுமில்லன்னுதான் சொன்னாங்க. வாய்வுன்னு வெள்ள மாத்திர குடுத்து அனுப்புனாங்க. மூனே மாசம். தோட்டத்து லய வீட்டு வாசல்ல எலும்பாக் கெடந்தாரு. கடைசியில எங்கம்மாவத் தனியாக் கூப்புட்டுத்தான் புத்துநோய்னு சொன்னாங்க. எங்கம்மாவும் மூஞ்சியக் கழுவிக்கிட்டுத்தான் வெளிய வந்திச்சு.

ஜெயலெட்சுமி: உங்களுக்கு அது இல்ல.

ராமநாதன்: அப்புடித்தான் சொல்லச் சொன்னாங்களா?

ஜெயலெட்சுமி: கெமரா உட்டுப் பாத்தாங்க. ரத்தம் பாத்தாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. உங்க குடலு சுத்தமா இருக்கு. கோவக்காரக் குடல்னு மிஸ் படம் போட்டுக் காட்டினது மறந்து போச்சா? மத்தவங்க குடலுக்குத் தடவிக் குடுத்த மாதிரி இருக்குறது, உங்க குடலுக்கு அடிச்ச மாதிரி இருக்குமாம். மனசு பயந்தா அது துடிக்குது. அது துடிச்சா மனசு இன்னும் பயப்படுது. மூளையும் குடலும் எந்நேரமும் போன்ல பேசிக்கிட்டே இருக்குதுங்கன்னு சொல்லிச்சே, நீங்ககூட சிரிச்சீங்களே.

ராமநாதன்: ஐ.பி.எஸ்னு இங்கிலீசுல ஒரு பேரு சொல்லிச்சே.

ஜெயலெட்சுமி: அதேதான். உசுர எடுக்காது. ஆள மொடக்கிப் போட்டுரும், அவ்வளவுதான்.

ராமநாதன்: அவ்வளவுதானா?

ஜெயலெட்சுமி: …இல்ல. நான் அப்புடிச் சொல்லக் கூடாது. நீங்க பட்டது எனக்குத் தெரியும்.

ராமநாதன்: பாதிதான் தெரியும். வெல்லவாய எறக்கத்துல பஸ்ஸ நிப்பாட்டிட்டுக் காட்டுக்குள்ள ஓடுனேன்னு சொன்னேன். போய்ச் சேரலன்னு உன்கிட்ட சொல்லல.

ஜெயலெட்சுமி: என்னங்க…

ராமநாதன்: ரோட்டு ஓரத்துலயே ஆயிருச்சு. அம்பது பேரு சன்னல் வழியாப் பாக்குறாங்க. ஒரு பொம்பள மூக்கப் பொத்துனா. ஒருத்தன் போன்ல புடிச்சான். பஸ்ஸ வுட்டுட்டு எங்க போறது? அப்புடியே ஏறி உக்காந்து மொனராகல வரைக்கும் ஓட்டுனேன். என் பின்னுக்கு இருந்தவங்கல்லாம் எந்திரிச்சுக் கடைசிக்குப் போயிட்டாங்க.

ஜெயலெட்சுமி: மழையில நனஞ்சதுன்னு சொன்னீங்க அன்னிக்கு.

ராமநாதன்: பீலித் தண்ணியில நானே அலசிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தேன். மறுநா அந்தப் படம் நம்ம மக விதுர்ஷா போனுக்கே வந்திருச்சு. யாரோ அதோட கூடப் படிக்கிற புள்ள அனுப்பியிருக்கு. நான் பின்னுக்கு நின்னு பாத்துட்டேன். டக்குனு அணைச்சிருச்சு. அன்னியிலேருந்து என் முன்னுக்கு அந்தப் புள்ள போன எடுக்குறதே இல்ல.

ஜெயலெட்சுமி: ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

ராமநாதன்: சொல்லி?

ஜெயலெட்சுமி: …ஒன்னுமில்ல. கேட்டிருப்பேன்.

ராமநாதன்: இப்ப சொல்லிட்டேன்ல. நீயும் ஒளிக்காதே. புத்துநோயா?

ஜெயலெட்சுமி: இல்லீங்க. அது வேற மாதிரி வரும்.

ராமநாதன்: எப்புடி வரும்?

ஜெயலெட்சுமி: ரத்தம் போகும். மொதல்ல மூலம்னு நெனைக்கத் தோணும். அப்புறம் கறுப்பாப் போகும். கொழுந்துக் கூடையோட நாலு எட்டு வச்சா மூச்சு வாங்கும், கண்ணு இருட்டும். சாப்புட்டாலும் ஒடம்புல ஒட்டாது. தூங்குறவங்கள வலி தட்டி எழுப்பும். உங்க வயித்து வலி உங்கள எழுப்புனதே இல்ல, நான் பக்கத்துலதானே படுத்திருக்கேன்.

ராமநாதன்: நீ என்னா, கண்ணால பாத்த மாதிரி சொல்ற.

ஜெயலெட்சுமி: மிஸ் சொன்னதத்தான் சொல்றேன்.

ராமநாதன்: சரி. அப்ப உன் பையில இருக்குற கவர் என்னா?

ஜெயலெட்சுமி: எந்தக் கவரு?

ராமநாதன்: பஸ்ஸுல நீ அசந்து தூங்குன. பை சரிஞ்சிச்சு, புடிச்சேன். வெள்ளக் கவர். மேல செவப்பு மையில அவசரம்னு சிங்களத்துல எழுதியிருக்கு. பஸ் ஓட்டுனவனுக்கு அதுகூடவா வாசிக்கத் தெரியாது?

ஜெயலெட்சுமி: பிரிச்சீங்களா?

ராமநாதன்: ஒட்டியிருந்துச்சு. வச்சிட்டேன். பயந்துக்கிட்டுத்தான் வச்சேன்.

ஜெயலெட்சுமி: வீட்டுக்குப் போயிப் பேசலாங்க.

ராமநாதன்: வீட்டுல புள்ள இருக்கும். இங்கயே பேசு… இல்ல, இரு. நான் மொதல்ல ஒன்னு சொல்லிறேன். கேட்டுட்டு நீ என்னா வேணும்னாலும் சொல்லு. எனக்கு வலி இல்ல.

ஜெயலெட்சுமி: இப்பவா?

ராமநாதன்: ரெண்டு மாசமா.

ஜெயலெட்சுமி: கொப்பியில…

ராமநாதன்: பொய்யி. வேளா வேள என்னா தின்னேன், எவ்வளவு வலின்னு எழுதச் சொல்லிச்சுல்ல? மொத ரெண்டு மாசம் நெசமாத்தான் எழுதுனேன். ஆடி பொறந்தப்புறம் கொறஞ்சுக்கிட்டே வந்திச்சு. காலையில ஒரு தடவ ஒழுங்காப் போறேன். அதோட சரி. வயிறு ஒன்னு இருக்குறதே மறந்து போகுது. மிஸ் சொன்ன சாப்பாடு வேல செஞ்சிருச்சு, லெச்சுமி. நீ ஆக்குன சாப்பாடு.

ஜெயலெட்சுமி: நேத்து வலி ஆறுன்னு எழுதியிருந்தீங்க. முந்தாநா ஏழு.

ராமநாதன்: நீ அதெல்லாம் பாக்குறியா?

ஜெயலெட்சுமி: மல எறங்கி வந்து, கூடய வைக்க முன்னுக்கே அததான் பாப்பேன்.

ராமநாதன்: நல்லாயிருச்சுன்னு எழுதுனா நீ சந்தோசப்படுவ. லயம் பூராவும் சொல்லுவ. மொதலாளி காதுக்குப் போகும். வா, வந்து பஸ்ஸ எடுன்னு கூப்புடுவாரு. அதே ரோட்டு. அதே ஆளுங்க ஏறுவாங்க. என்னால ஏலாது. வலிக்குதுன்னா ஒருத்தரும் ஒன்னும் கேக்குறதில்ல. நீயும் வந்து வெந்நீர்ல துணிய நனச்சு ஒத்தடம் குடுப்ப. இப்ப எப்புடி இருக்குன்னு கேப்ப… கல்யாணங் கட்டி இருவது வருசத்துல நீ என்னைய அப்புடிப் பாத்துக்கிட்டது இந்த ரெண்டு மாசந்தான்.

ஜெயலெட்சுமி: ரெண்டு மாசம்.

ராமநாதன்: திட்டு. வெக்கங்கெட்டவன்னு சொல்லு.

ஜெயலெட்சுமி: ராவுக்கு நீங்க தூங்க முன்னுக்கு ரெண்டு தடவ எந்திரிச்சு அடுப்பு மூட்டுனேங்க. நிக்க ஏலாம, செவுத்தப் புடிச்சுக்கிட்டு.

ராமநாதன்: தெரியும்… இல்ல, தெரியாது. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். சரி, வுடு. இங்க பாரு, என்னா நடந்திருக்குன்னு எனக்கு இப்ப வெளங்குது. கொப்பியப் பாத்துட்டு, இவ்வளவு நாளாகியும் வலி நிக்கலையேன்னு மிஸ் பயந்திருச்சு. டாக்டரக் கூப்புட்டுக் காட்டியிருக்கு. அவரு அவசரம்னு எழுதிட்டாரு. எல்லாம் என் பொய்யால வந்தது. எப்ப வரச் சொல்லியிருக்காங்க?

ஜெயலெட்சுமி: வியாழக்கெழம. வார்ட்டுல படுக்கணும்.

ராமநாதன்: அதுக்கு முன்னுக்கே நான் போறேன். நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயி, கொப்பி பொய்யிங்க, எனக்கு ஒன்னுமில்லன்னு கையக் கட்டிக்கிட்டுச் சொல்லிறேன். வஞ்சா வஞ்சிட்டுப் போகட்டும்.

ஜெயலெட்சுமி: உங்களுக்கு ஒன்னுமில்லன்னு அவங்களுக்குத் தெரியுங்க.

ராமநாதன்: அப்புறம் எதுக்குக் கவரு?

ஜெயலெட்சுமி: சோத்துப் பொட்டியக் குடுங்க, மூடி வைக்கிறேன்.

ராமநாதன்: லெச்சுமி. கவர் யாருக்கு?

ஜெயலெட்சுமி: வைகாசியில வெசாக் முடிஞ்ச கையோட மொத கிளினிக் போனோம்ல? மிஸ் உங்ககிட்ட ஒவ்வொன்னாக் கேட்டிச்சு. ரத்தம் போகுதா, எட கொறையுதா, மூச்சு வாங்குதான்னு. நீங்க எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க. நான் பக்கத்துல உக்காந்து, வாயத் தொறக்காம, மனசுக்குள்ள ஆமா, ஆமான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ராமநாதன்: …நீயா?

ஜெயலெட்சுமி: நீங்க மருந்து எடுக்கப் போனப்ப மிஸ்கிட்ட சொன்னேன். இன்னைக்கே டாக்டரப் பாருங்கன்னு கையப் புடிச்சிச்சு. அடுத்த தடவ பாக்குறேன்னேன். அடுத்த தடவயும் அதத்தான் சொன்னேன். இன்னைக்கு அது கேக்கல. கதவச் சாத்திருச்சு. டாக்டர் வயித்த அமுக்கிப் பாத்தாரு. கட்டி கைக்குத் தட்டுப்படுதுன்னாரு. ஏம்மா இவ்வளவு நாள் வரலன்னு கேட்டாரு.

ராமநாதன்: நாலு மாசம்… நாலு மாசமா தெரிஞ்சுக்கிட்டே இருந்தியா? எதுக்குடி? எதுக்காக இருந்த?

ஜெயலெட்சுமி: நான் போயி வார்ட்டுல படுத்துட்டா உங்களுக்கு யாரு தனியா ஆக்கிப் போடுவா? கொப்பியில என்னைக்காச்சும் ஒரு நா வலி இல்லன்னு எழுதுவீங்க, மறுநாளே போயிறலாம்னு பாத்துக்கிட்டு இருந்தேங்க.