ஏழாம் அறை பெல்

நான் எதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிற ஆள். வீட்டுக் குழாய்க்கு எப்போது வாஷர் மாற்றினேன் என்பதுகூட அதில் இருக்கும். அதனால் கமிட்டியின் அறிக்கையை நீங்கள் அனுப்பியதும், ரெஜினால்ட் அண்ணே, நோட்டை எடுத்து ஒருமுறை சரிபார்த்தேன். நான்காம் பத்தியில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

பாயா ரும்புட்டில் நம் முதியோர் இல்லம் திறந்தபோது பத்தொன்பது அறைகளுக்கும் அழைப்பு பெல் போட்டவன் நான். செங் ஊர்த் தொழிற்சாலையில் வேலை முடிந்து, சீருடையோடே வந்து கேபிள் இழுப்பேன். படுக்கையில் இருப்பவர் பொத்தானை அமுக்கினால் தாதியர் மேசையில் உள்ள திரையில் அறை எண் வரும், மணி அடிக்கும். அதற்கு ஒவ்வொரு பெல்லுக்கும் நெட்வொர்க்கில் ஓர் எண் வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பத்தொன்பதையும் நானே கையால் போட்டேன், நோட்டிலும் எழுதினேன். பதினோரு வருடமாக ஒரு புகார் வந்ததில்லை. நீங்கள் யாரும் ஒரு வார்த்தை நன்றி சொன்னதும் இல்லை.

ஜனவரியில் அந்தப் பொறுப்பைக் கிருபாலனிடம் கொடுத்தீர்கள். எனக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது. நல்லவன், முப்பது வயது, கணினிப் பட்டம் வாங்கியவன். வந்த வாரமே, இனிமேல் எண்களைக் கையால் போட வேண்டாம் என்றான். கேபிள்கள் எல்லாம் வந்து சேர்கிற சுவிட்சிலேயே ஒரு டிஎச்சிபி சர்வர் வைத்துவிட்டால், உள்ளே வருகிற ஃபோனுக்கும் கணினிக்கும் அதுவே எண் கொடுத்துவிடும். நான்கு வருடத்துக்கு முன்பு இதையேதான் நான் சொன்னேன். அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். அவன் சொன்னபோது கை தட்டினீர்கள்.

“கிளீட்டஸ் அங்கிள், நீங்க கையால போட்ட பெல் நம்பரெல்லாம் லிஸ்ட் குடுங்க லா,” என்று என்னிடம் வந்தான். “அத சுவிட்ச் வேற யாருக்கும் குடுக்காம ஒதுக்கி வச்சிர்றேன். இல்லன்னா எவன் ஃபோனுக்காச்சும் அந்த நம்பர் போயிரும், பெல்லு செத்துரும்.”

“நாளைக்கே தரேன் தம்பி,” என்றேன்.

மறுநாள் பதினெட்டு எண்களைக் கொடுத்தேன். ஏழாம் அறையின் எண்ணை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை.

ஏழாம் அறையில் இருந்தது என் அக்கா செலஸ்டின். ஏன் அக்காவின் அறை என்று கேட்பீர்கள். யோசித்துத்தான் செய்தேன். வேறு அறை என்றால் அவர்களுடைய பிள்ளைகள் கேஸ், போலீஸ் என்று இல்லத்தின் பெயரைக் கெடுப்பார்கள். அக்காவுக்காகக் கேட்க நான் ஒருவன்தான். ஒரே ஒரு தடவை பெல் அடிக்காமல் போக வேண்டும், தாதி யாராவது கமிட்டியிடம் சொல்ல வேண்டும், நீங்கள் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. சுவிட்ச் ஓர் எண்ணைக் கொடுக்கும் முன், அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் கொடுக்காது. நம் பெல்கள் பழைய வகை, அந்த மாதிரிக் கூப்பிட்டால் பதில் சொல்லாது. கிருபாலனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. குரல் எழும்பாது, காதருகே குனிந்தால்தான் கேட்கும். புலாவ் செபாங் தோட்டத்தில் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். அவள் என்றால் எனக்கு உயிர். லிஸ்ட்டைக் கொடுத்த அன்றே அவளைப் போய்ப் பார்த்தேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“பெல்லு இருக்கில்ல,” என்றாள். “நீ போட்டதுதானடா.”

அந்த ஞாயிறு காலை ஹாலில் பூசை. நடக்க முடிந்தவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், பார்க்க வந்த குடும்பங்கள் எல்லாரும் அங்கே இருந்தோம். திரையைப் பார்க்கத் தாதி பமேலா மட்டும் மேசையில் இருந்தாள். பத்து இருபதுக்கு என் கைபேசியை எடுத்து இல்லத்தின் வைஃபையில் சேர்த்துப் பார்த்தேன். ஏழாம் அறையின் எண் எனக்கே வந்து விழுந்தது.

கைபேசியை அணைத்திருக்கலாம். எழுந்து போய் அக்காவை எட்டிப் பார்த்திருக்கலாம், இருபது அடி தூரம்தான். ஆனால் நானே போய்க் கண்டுபிடித்தால் நானே செய்தது போல் ஆகிவிடும். வேறு யாராவதுதான் கண்டுபிடிக்க வேண்டும். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பங்குச் சாமியாரின் பிரசங்கம் அன்று கொஞ்சம் நீளம். வரிசையில் நின்று அவர் கையால் நன்மை அப்பம் வாங்கினேன்.

பத்து ஐம்பதுக்குப் பமேலா கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க ஏழாம் அறைக்குப் போனாள். அக்காவுக்குக் கஞ்சி புரையேறி மூச்சு நின்றிருந்தது. இடது கை பொத்தான்மேல் இருந்தது.

“பெல்லே அடிக்கல அங்கிள், நான் எங்கயும் போகல,” என்று பமேலா அழுதாள். அவள் தலையைத் தடவி ஆறுதல் சொன்னேன். அப்புறம்தான் கைபேசியை அணைத்தேன்.

அடக்கத்துக்கு மறுநாள் பெல்லைக் கழற்றி அதில் பதிவானதைப் படித்தேன். பத்து இருபத்து நான்கிலிருந்து முப்பத்தொன்று வரை, இருபத்தாறு முறை அமுக்கியிருக்கிறாள். இருபத்தாறு முறையும் பெல் தன் வேலையைச் செய்து தகவலை அனுப்பியிருக்கிறது. மேசைத் திரை கொடுத்த பதில்தான் என் சட்டைப் பைக்கு வந்துவிட்டது; அந்தப் பதில் பெல்லுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மேசையில் மணி அடிக்கும்.

உங்கள் நான்காம் பத்தி, மரணத்துக்குக் காரணம் பழைய பெல்லின் பழுது என்கிறது. எல்லாவற்றையும் கழற்றிப் புது பெல் போட்டதற்காகக் கிருபாலனுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் போலீஸில் கொடுப்பதென்றால் கொடுங்கள். எண்ணை விட்டது நான். அது என்னிடம் இருப்பதைப் பார்த்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது நான். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், பழுது என்ற அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். நான் போட்ட பெல் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடப் பழுதானதில்லை. அக்கா இருந்திருந்தால் அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.