தெளிந்த கிணறு

பாகற்காய் எனக்குப் பிடிக்காது, சார். ஆனாலும் போன வருடம் முழுக்கக் கருங்கல் சந்தையில் விலைபோகாமல் பழுத்துக் கிடந்த பாகற்காயை மூட்டை மூட்டையாக வாங்கினேன். அதன் சாற்றில் சாயத்தை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது. கடற்பாசிக் கூழில் சாற்றைக் கலந்து, கால்சியம் கரைத்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் கிடைக்கும். நொதி கரைந்து ஓடாமல் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அந்த உருண்டைகளைக் குழாயில் நிரப்பி, கொஞ்சம் பெராக்சைடு சேர்த்துச் சாயக் கழிவை விட்டால், சிவப்பாகப் போனது நிறமில்லாமல் வரும்.

நல்ல கருவி. அமைத்துக் கொடுத்த அஜிதா டீச்சர் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

ஓமனா மதினி என் அண்ணன் ஆன்ட்ரூஸின் மனைவி. அண்ணன் இறந்தபின் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். என் சாயப்பட்டறைக் கழிவு ஊறி அவள் கிணறு சிவந்தது. இல்லையென்று நான் சொன்னதேயில்லை. அதற்காக ஞாயிறுதோறும், ஊரே பூசைக்குப் போகும் நேரம் பார்த்து, ஒரு வாளி சிவப்புத் தண்ணீரை என் வாசலில் கொட்டுவாள்.

"ஏலே சாயக்காரா, இது ஒனக்க வெள்ளம். நீயே வச்சுக்கோ."

அவள் கொடுத்த புகாரில்தான் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் அந்த வெறுப்பில் இதைச் செய்யவில்லை.

உருண்டைகளைத் தாண்டி வந்த தெளிந்த நீரில் டீச்சர் மீன்குஞ்சுகளை விட்டுப் பார்த்தார். மதியத்துக்குள் எல்லாம் செத்து மிதந்தன. சிவப்பு நீரில் விட்டவை நீந்திக்கொண்டிருந்தன.

"நெறம் போனா வெசமும் போச்சுண்ணு நெனைக்காதீங்க அண்ணே. சாயம் ஒடைஞ்ச துண்டு இதுக்குள்ளதான் கெடக்கு. கரித்தொட்டியத் தாண்டாம ஒரு சொட்டு வெளிய விடப்பிடாது."

விஷத்தை உறிஞ்சுகிற அந்தக் கரித்தொட்டி ஒரு சவம், அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அன்றைக்கு வேலை நின்றது. அதிகாரிகள் வந்தபோது அதன் வழியாகவே விட்டேன், பட்டறையைத் திரும்பத் திறக்க அனுமதி கிடைத்தது. அவர்கள் போனதும் கரித்தொட்டிக்குப் போகிற குழாயை மதினியின் கிணற்றுக்குப் பக்கத்திலிருக்கும் பழைய குழிக்குத் திருப்பினேன். மழைக்குப் பிறகு கிணறு தெளிந்துவிட்டது.

மதினிக்கு நம்பிக்கை வரவில்லை. செம்பில் கோரிக்கொண்டு மதிலருகே வந்தாள். "கொள்ளாம், பளபளன்னுதான் இருக்கு. நீ குடிச்சுக் காட்டு பாப்போம்" என்றாள். குடித்தேன். ஒரு செம்பு ஒன்றும் செய்யாது.

அன்றோடு அவள் பஞ்சாயத்துக் குழாய்க்குப் போவதை நிறுத்தினாள். குடிக்க, கஞ்சி வைக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். கோடையில் அவள் உதடு நீலம் பாய்ந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தக் குறைவு என்று அவளாகவே மாத்திரை வாங்கி விழுங்கினாள். விழுந்த அன்று ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். எந்தத் தண்ணீர் குடிக்கிறார் என்று டாக்டர் கேட்டார். மதினிக்குச் சுயநினைவில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர் என்று நான் சொன்னேன். மறுநாள் போய்விட்டாள்.

சிவந்திருந்தவரை அந்தத் தண்ணீரை அவள் வாயில் வைத்ததில்லை. தெளிந்தால் குடிப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குழாயைத் திருப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நான் குடித்துக் காட்டிய அன்று, செம்பைத் திரும்ப வாங்கும்போது மதினி சிரித்தாள். "மக்கா ஜாஸ்பரே, ஒன்ன நான் ரொம்ப ஏசிட்டேன். மனசுல வச்சுக்கிடாத" என்றாள். அவ்வளவு பிரியமாகப் பேசியவளிடம் போய் அதைச் சொல்லி மனசை நோகடிக்க எனக்கு வாய் வரவில்லை, சார்.