தப்பு எந்தப் பாகத்தில்

— ஏ பாகம், ‘ஐ வில் கால் யூ’. பி பாகம், ‘வென் ஐ வில்...’ ம்... ‘வென் ஐ வில் ரீச் த ஸ்டேஷன்’. சி பாகம், ‘டுமாரோ மார்னிங்’. டி, தப்பே இல்ல. எதுல தப்பு, சொல்லு.

— பி. வென்னுக்குப் பின்னால வில் வராது. ‘வென் ஐ ரீச்’னுதான் இருக்கணும்.

— சரி.

— விடையைப் பாத்துச் சொல்லுங்க.

— பாத்துட்டுத்தான் சொல்றேன். ஒரு மாசமா உன்கிட்ட ‘சரி’ சொல்லிச் சொல்லி, கடைக்கு வர்றவங்க ‘மீசையை எடுத்துடவா’ன்னு என்னையே கேட்டாலும் சரின்னுடுவேன் போலிருக்கு.

— கேலி பண்ணாதீங்க. போதும், மூடி வைங்க.

— ஏன்? கடைக்கு இன்னிக்கு லீவு. எதிர்காலம் இன்னும் ரெண்டு பக்கம்தான் இருக்கு. முடிச்சுட்டே எந்திரிப்போம்.

— என் எதிர்காலம் முடிஞ்ச மாதிரிதான்...

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல.

— இரு, ஏதோ கருகுற வாசனை...

— ஐயோ... துண்டு. இதுவும் போச்சு.

— போனாப் போகுது. இஸ்திரிப் பெட்டியை நிமித்தி ஓரமா வை. கை சுட்டுச்சா?

— கை சுடல. போன வாரம்தான் உங்க கடைத் துண்டு ஒண்ணைக் கருக்குனேன். அதுக்கு முந்தி அந்தக் கழுத்துத் துணி. என்னை ஏன் ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்குறீங்க?

— எதுக்குத் திட்டணும்? கடையில எந்தத் துண்டை எடுத்தாலும் பழுப்பா ஒரு இஸ்திரி முத்திரை. நேத்து ஒருத்தர் கழுத்துல கட்டிவிட்டதும் கேக்குறார், ‘இதான் உங்க கடைச் சின்னமா’ன்னு. ஆமான்னேன். நல்லா இருக்குன்னுட்டுப் போனார்.

— ஏங்க...

— சொல்லு.

— நாளைக்கு நான் பரீட்சைக்குப் போகல.

— வெளையாடுறியா? அடுத்த வருஷம் அரசாங்க வேலைக்கு உனக்கு வயசு தாண்டிடும். இதான் கடைசித் தடவை, தெரியும்ல?

— தெரியும்.

— கணக்குல உன்னை அசைக்க ஆள் இல்ல. பொது அறிவு கேட்டா தூக்கத்துல கூடச் சொல்லுவ. ரெண்டு தடவை விழுந்தது இந்த இங்கிலீஷ்ல, அதுலயும் இந்தத் தப்புக் கண்டுபிடிக்கிறதுல. அதையும் இப்பத் தண்ணி பட்ட பாடா வெச்சிருக்க. அப்புறம் என்ன?

— அதான்... அது என்னோடது இல்ல.

— புரியல.

— எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. உங்க குரலைக் கேட்டுத்தான் பதில் சொல்றேன்.

— என் குரலையா?

— தப்பு இருக்கிற இடம் வந்ததும் நீங்க தடுமாறுவீங்க. இப்பக் கூட, ‘வென் ஐ வில்’லுன்னு சொல்லிட்டு ஒரு ‘ம்’ போட்டீங்க. விடையை முன்னாடியே பாத்து வெச்சுக்கிறீங்க, உங்க வாய் காட்டிக் குடுத்துடுது. தப்பே இல்லாத வரியா இருந்தா கடகடன்னு ஓடிடுவீங்க. உடனே நான் ‘டி’ன்னுடுவேன்.

— ஆனா நீ காரணமும் சொல்றியே.

— இடம் தெரிஞ்சப்புறம் காரணம் சொல்றதா பெருசு? கள்ளனைப் பிடிச்சுக் குடுத்துட்டா, என்ன திருடுனான்னு யார் வேணா சொல்லலாம்.

— இதை எத்தனை நாளா மனசுல வெச்சிருக்க?

— ரொம்ப நாளா. சொல்லியிருக்கணும். ஆனா எப்படிச் சொல்றது? காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே முடி வெட்டிட்டு, கால் வீங்கி வருவீங்க. வந்ததும் ‘எங்க விட்டோம்’னு புத்தகத்தை எடுப்பீங்க. எழுத்துக் கூட்டிக் கூட்டி... தெரியாத பாஷையை எனக்காக வாய் வலிக்கப் படிக்கிற மனுஷன்கிட்ட, உங்க பாடெல்லாம் வீண்னு எப்படிங்க சொல்வேன்? உங்களை மாதிரி யார் செய்வா?

— சரி சரி, கண்ணைத் தொடை. நாளைக்கு...

— நாளைக்கு ஹால்ல நீங்களா வந்து ‘ம்’ போடப் போறீங்க? காகிதம் தடுமாறாதுங்க.

— சரி, ஒண்ணு செய்வோம். நான் மூச்சு விடாம ஒரு வரி படிக்கிறேன். எங்கயும் நிக்க மாட்டேன். நீ சொல்லு.

— வேண்டாம்.

— கேளு. ‘பைநெக்ஸ்ட்மார்ச்ஷிவில்கம்ப்ளீட்ஹர்ட்ரெயினிங்’.

— ரயில் மாதிரி ஓடுனா எப்படிங்க... பை நெக்ஸ்ட் மார்ச்... அடுத்த மார்ச்சுக்குள்ள முடிஞ்சிருக்கும்னு அர்த்தம். வெறும் ‘வில் கம்ப்ளீட்’ போதாது. ‘வில் ஹேவ் கம்ப்ளீட்டட்’னு வரணும்.

— பாத்தியா.

— குருட்டாம்போக்குல வந்துடுச்சு. கடைசியில நீங்க மூச்சு வேற வாங்குனீங்க.

— ஓடுனா மூச்சு வாங்காதா?

— சரியான்னு முதல்ல பாருங்க.

— சரிதான்.

— நீங்க பக்கத்தையே புரட்டல. குடுங்க இப்படி, நானே பாக்குறேன்.

— வேண்டாம், அது என் கையிலயே...

— எப்பப் பாத்தாலும் உங்க கையிலயே. கடைக்குப் போனாலும் தூக்கிட்டுப் போறீங்க. நான் தொட்டா விடையைப் பாத்துடுவேனாம். குடுங்க.

— ஏய்... மெதுவா, கிழிஞ்சுடும்...

— விடை கடைசியிலதானே... என்னங்க இது? பின்னட்டைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையே. பக்கமெல்லாம் எங்க?

— நான் வாங்குனப்பவே இல்ல.

— என்னது?

— பழைய புத்தகக் கடையில வாங்குனது. அங்கேயே பாத்திருக்கணும். வீட்டுக்கு வந்தப்புறம்தான் பாத்தேன். அதுக்குள்ள நீ அதை மடியில வெச்சுக்கிட்டு அட்டை போட்டுட்ட. உன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அந்த முகத்தைப் பாத்து, இது வாலறுந்த புத்தகம்னு சொல்ல எனக்கு வாய் வரல. வேற வாங்குற வரைக்கும் சமாளிப்போம்னு நெனச்சேன். அப்படியே ஓடிடுச்சு.

— அப்ப இத்தனை நாளா ‘சரி, சரி’ன்னீங்களே... அதெல்லாம்?

— நீ சொல்ற தோரணையைப் பாத்துச் சொன்னேன்.

— அடப்பாவி மனுஷா. நான் தப்பும் தவறுமா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தா...

— இரு, முழுசாக் கேளு. அப்படி விட்டுடுவேனா? நீ எந்தப் பாகம் சொல்றியோ அதுல பென்சிலால ஒரு புள்ளி வெப்பேன். மறுநாள் காலையில நம்ம இங்கிலீஷ் வாத்தியார் ஷேவிங்குக்கு வருவார்ல...

— அந்த ரிட்டயர்டு வாத்தியாரா? யார்கூடயும் பேச மாட்டாரே.

— பேச வேண்டாம். முகம் பூரா நுரை, கன்னத்துல கத்தி. அந்த நேரத்துல ஒரு வரி படிச்சு, ‘பி பாகம்தானே சார்’னு கேட்டா எந்த மனுஷன் முடியாதும்பான்? துணிக்கு வெளிய கட்டை விரலை நிமித்துனா சரி. ஆள்காட்டி விரல் ஆடுனா தப்பு. நுரையைத் தொடைச்சதும் ஏன் தப்புன்னு சொல்லிட்டுப் போவார்.

— ...அதான் சில கேள்வி மறுநாளும் வந்துச்சா? ‘நேத்து சரின்னீங்களே’ன்னா, ‘நேத்து கண்ணாடி போடல’ம்பீங்க.

— வேற என்ன சொல்றது?

— நீங்க மறதிக்காரர்னு நெனச்சேன். எப்படி மறைச்சிருக்கீங்க.

— ஆரம்பத்துல அவர் விரல் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. வரவரக் குறைஞ்சுது. இந்த ஒரு மாசமா ஆடவே இல்ல, கட்டை விரல்தான். போன வாரம் ஒரு வரியைக் கேட்டதும் பாதி நுரையோட எந்திரிச்சு உக்காந்துட்டார். ‘யாருய்யா இந்தப் புள்ள? நானே ஒரு நிமிஷம் யோசிச்சேன், எந்தக் காலேஜ்’னு கேக்குறார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ‘காலேஜ் எல்லாம் இல்ல சார், என் பொண்டாட்டி. துணி தேச்சுக்கிட்டே சொல்றா’ன்னேன். சொல்லிட்டு, செரைச்ச கன்னத்துக்கே மறுபடி நுரை போட்டுட்டேன். அவ்வளவு பெருமை. என்ன, அழுறியா சிரிக்கிறியா?

— தெரியல. இருங்க, எனக்கு ஒண்ணு புரியல. உங்ககிட்ட விடையே இல்ல.

— இல்ல.

— உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத்தான் தெரியும்.

— அதுவும் தட்டுத் தடுமாறி.

— அப்ப எது தப்புன்னு உங்களுக்கே தெரியாது.

— சத்தியமாத் தெரியாது.

— அப்புறம் எப்படிங்க, சரியா அந்தத் தப்பு வர்ற இடத்துலயே வந்து நின்னீங்க? அதைக் கேட்டுத்தானே நான் பதிலே சொன்னேன்.

— கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற. நான் எங்க நின்னேன்? புத்தகத்துல கண்ணு, உன் இஸ்திரிச் சத்தத்துல காது, அது ஓடுற வேகத்துக்குப் படிச்சுக்கிட்டே போவேன். தப்பு வந்ததும் உன் கைதான் முதல்ல அப்படியே நிக்கும். சத்தம் நின்னுடுச்சேன்னு நானும் நின்னுடுவேன்... வேணும்னா கருகுன துண்டையெல்லாம் விரிச்சுப் பாரு.