எழுபது வயசுக் காட்சி

ஹெர்மா: கண்ணோரமா இன்னும் ரெண்டு கோடு போடுங்க பெப்பிக்கா... சிரிச்சுச் சிரிச்சே விழுந்த சுருக்கம் மாதிரி.

பெப்பி: அசையாதடி! எழுபது வயசுக்கு இது போதும். ஆடினா தொண்ணூறு ஆக்கிடுவேன்.

ஹெர்மா: ஆக்குங்களேன். எனக்கென்ன?

பெப்பி: இருபத்துமூணு வயசு நடிகை... கண்ணாடியில கிழவியப் பாத்து இப்படிப் பல்லைக் காட்டற. நரைமுடின்னாலே மத்தவளுங்க அழுவாளுங்க.

ஹெர்மா: அழகாத்தானே இருக்கேன்? எங்கப்பா பாத்தா டிராமை நிறுத்தி, கை குடுத்து ஏத்திவிடுவார்.

பெப்பி: அவர் ஓட்டற டிராம்லதான் உன் போஸ்டராமே?

ஹெர்மா: முன்பக்கமே! வியன்னா பூரா என்னை ஓட்டிக்கிட்டுத் திரியறார். பதினாறு வயசுல முதல் படத்துல, கூட்டத்துல ஒருத்தியா பூ வித்துக்கிட்டு நின்னேன். இப்ப இது ஏழாவது படம். பேசற படம் இதான் முதல்... போதும்க்கா. மனசு நெறைஞ்சிருக்கு.

பெப்பி: அதென்ன போதும்? ...கடைசிக் காட்சிய முதல் நாளே எடுக்கச் சொன்னியாம். காதலிக்கறதுக்கு முந்தியே கிழவியாகணுமா?

ஹெர்மா: பேத்தி கல்யாணத்துல வால்ட்ஸ் ஆடறேன்க்கா! அது... ஆசையா இருந்துச்சு, அவ்வளவுதான். எதுக்கெடுத்தாலும் கத்தற டைரக்டர், கேட்டதும் தலையாட்டிட்டார். எனக்கே ஆச்ச... ஆச்சரியமா...

பெப்பி: இந்தா, தண்ணி. மெதுவா... மெதுவா இருமு.

ஹெர்மா: வெறும் சளி. பேசாத படத்துல எவ்வளவு இருமினாலும் தியேட்டர்ல யாருக்கும் கேக்கல. இப்ப இந்த மைக்குக்குப் பயந்து சாக வேண்டியிருக்கு.

பெப்பி: இன்னிக்குத் தாராளமா இருமு. கிழவி இருமினா யார் என்னன்னு கேக்கப்போறா?

ஹெர்மா: ...பெப்பிக்கா. இது சளி இல்ல.

பெப்பி: தெரியும். ஜனவரியிலேருந்து உன் கைக்குட்டையில ரத்தக்கறையத் துவைக்கறது யாரு?

ஹெர்மா: அடிப்பாவி அக்கா... ஒரு வார்த்தை கேக்கலியே!

பெப்பி: நீ சொல்லலியே.

ஹெர்மா: இலை உதிர்ற வரைக்கும்தான் தாங்குவேன்னார் டாக்டர். படம் பாதியில நின்னாலும் நிக்கட்டும், இந்த ஒரு காட்சில மட்டும் கிழவியாகி ஆடிடணும்னு தோணிச்சு. நல்லவேளை, கதை எழுதின மகராசன் இவளை எழுபது வயசு வரைக்கும் வாழ வச்சான்!

பெப்பி: அவன் எங்கடி வச்சான்... அவன் எழுதினதுல இவ இருபத்தஞ்சுலயே செத்துப்போறா. ஜனவரியில நான்தான் டைரக்டர்கிட்ட போய், "எங்க பொண்ணு ஒரு நாளாவது கிழவியா இருக்கட்டும், கதைய மாத்துங்க"ன்னு கேட்டேன்.